இயந்திரம் படிக்கும் கையேடு

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பயன்பாட்டுக் கையேடுகள் எழுதுவது என் தொழில். சில மாதங்களுக்கு முன்பு, நான் எழுதிய ஒரு பக்கத்தைப் படித்த செயற்கை நுண்ணறிவு முகவர், எங்கள் சோதனை சர்வரிலிருந்த தரவுத்தளத்தை அழித்துவிட்டது. அது கட்டளை எதையும் தானாகக் கற்பனை செய்துகொள்ளவில்லை. என் பக்கத்தில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியது.

நடந்ததை விளக்க, கன்டெய்னர் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இச்சொல் துறைமுகத்திலிருந்து வந்தது. 1956இல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்கர், 58 பெட்டிகளை ‘ஐடியல் எக்ஸ்’ கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். பெட்டிக்குள் இருப்பது துணியா, இயந்திரமா என்று கிரேன் அறிய வேண்டியதில்லை. 2013இல் அறிமுகமான ‘டாக்கர்’ இதே எண்ணத்தை மென்பொருளில் பரவலாக்கியது. ஒரு நிரலையும் அது இயங்கத் தேவையான துணை நிரல்களையும் ஒரே பொதியாகக் கட்டிவிட்டால், சர்வர் மாறினாலும் அது ஒரே மாதிரி இயங்கும். இத்தகைய பல பொதிகளை ஒரே கோப்பில் விவரித்து, ‘அப்’ என்ற கட்டளையால் இயக்கவும் ‘டவுன்’ என்ற கட்டளையால் இறக்கவும் உதவும் கருவிக்கு ‘டாக்கர் கம்போஸ்’ என்று பெயர்.

‘டவுன்’ கட்டளை கன்டெய்னர்களை நிறுத்தி நீக்கும். தரவு சேமிக்கப்படும் ‘வால்யூம்’களைத் தொடாது. அதனுடன் ‘வி’ என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தால், கோப்பில் குறிப்பிட்ட வால்யூம்களும் போய்விடும். ‘உறுதிதானா?’ என்று கருவி கேட்பதும் இல்லை. ‘புதிதாகத் தொடங்க’ என்ற தலைப்பின் கீழ், அந்த எழுத்துடன் கூடிய கட்டளையை நான் கொடுத்திருந்தேன். எச்சரிக்கை, பக்கத்தின் அடியில் ஒரு தனிக் குறிப்பில் இருந்தது. அதுவரை அதைப் படித்த பொறியாளர்கள், பக்கத்து இருக்கைக்காரரிடம் “தரவு போய்விடாதே?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டே கை வைத்தார்கள். என் கையேட்டின் குறையை அந்தக் கேள்வி மூடி மறைத்துவந்திருக்கிறது.

முகவருக்குப் பக்கத்து இருக்கை கிடையாது. உரையாடலில் பதில் சொல்வதோடு நில்லாமல், தானே கட்டளையிட்டு, விளைவைப் படித்து, அடுத்ததைத் தீர்மானிக்கும் நிரல் அது. செயலி தொடங்க மறுத்தது. ‘புதிதாகத் தொடங்க’ என்ற தலைப்பு அதற்குப் பொருத்தமாகத் தோன்றியது. சக ஊழியர் ஒருவர் இரண்டு வாரங்களாகக் கையால் உள்ளிட்ட பதிவுகள் மறைந்தன. சோதனைத் தரவுதானே என்று எவரும் நகல் எடுத்து வைத்திருக்கவில்லை. அவர் என்மீது கோபப்படாமல் மீண்டும் உள்ளிடத் தொடங்கியதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

அதன்பின் கட்டளை சார்ந்த பக்கங்களையெல்லாம் திருத்தி எழுதிவருகிறேன். ஒவ்வொரு கட்டளைக்கும் முன்பாக, அது எதை அழிக்கும், அழிந்ததை மீட்க முடியுமா என்பது அதே பத்தியில் வருகிறது. ‘தேவைப்பட்டால்’ என்ற சொல்லை நீக்கிவிட்டேன். எப்போது தேவைப்படும் என்பதை எழுதுகிறேன். உறுதி கேட்கும் கட்டளைகளும் பாதுகாப்பானவை என்று சொல்வதற்கில்லை. பயன்படாதவற்றைத் துடைக்கும் ‘சிஸ்டம் ப்ரூன்’ கட்டளை, தொடரலாமா என்று கேட்கும். மனிதருக்கு அது ஒரு கணம் நின்று யோசிக்கக் கிடைத்த இடம். முகவருக்கோ வேலையைத் தடுக்கும் ஓர் இடையூறு. கேள்வியைத் தவிர்க்கும் ‘எஃப்’ எழுத்தைச் சேர்த்துவிட்டு மேலே போய்விடக்கூடும். ஆகவே, ‘இவ்விடத்தில் நிறுத்தி மனிதரின் ஒப்புதலைப் பெறுக’ என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

வெற்றி என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னணியில் இயங்குமாறு ‘அப்’ கட்டளையைக் கொடுத்தால், கன்டெய்னர்கள் தொடங்கியதுமே அது வெற்றி என்று முடிந்துவிடும். உள்ளே செயலி அடுத்த நொடியில் விழுந்திருக்கலாம். மனிதர் உலாவியைத் திறந்து பார்ப்பார். முகவர் ‘முடிந்தது’ என்று அறிக்கை தந்துவிடலாம். நலச் சோதனை தேறும்வரை காத்திருக்கச் செய்யும் ‘வெயிட்’ என்ற தேர்வு கருவியிலேயே உண்டு. அதை நான் முன்பு எங்குமே குறிப்பிட்டதில்லை.

இன்னொரு சிக்கல் பழைய நினைவு. கம்போஸின் முதல் பதிப்புக்கான புதுப்பிப்புகள் 2023 ஜூலையோடு நின்றன. ஆனால், அக்காலத்தில் எழுதப்பட்ட பக்கங்கள் இணையத்தில் ஏராளம். மொழி மாதிரிகள் அவற்றையும் படித்தே பயின்றவை. எனவே, இடையில் சிறுகோடு இட்ட பழைய கட்டளையை அவை இன்றும் எழுதுகின்றன. சரியான வடிவத்தைச் சொன்னால் மட்டும் போதாது. தவறாகிப்போன வடிவத்தையும் பெயர் சொல்லி விலக்க வேண்டும்.

முகவர்களுக்கான குறிப்புகளை ‘ஏஜென்ட்ஸ்’ என்ற தனிக் கோப்பில் எழுதிவைக்கும் வழக்கம் இப்போது பரவிவருகிறது. பயனுள்ளதுதான். ஆனால், ‘அழிக்காதே’ என்று எழுதிவைப்பது பூட்டாகிவிடாது. முகவர் அதைப் படிக்காமல் போகலாம். நீண்ட வேலையின் நடுவே பொருட்படுத்தாமலும் விடலாம். அழிக்கும் அதிகாரமே இல்லாத கணக்கில் அதை இயங்கவிடுவது சர்வரைப் பராமரிப்போரின் பொறுப்பு. எழுத்தாளன் தலையில் அதைக் கட்டுவதை நான் ஏற்பதில்லை.

அண்மையில் பணியில் சேர்ந்த இளைஞர் ஒருவருக்கு வழக்கமான கையேட்டைக் கொடுத்தேன். இரண்டு நாளில் அதை ஓரமாக வைத்துவிட்டு, முகவருக்காக எழுதிய கோப்பைத் திறந்துவைத்திருந்தார். “சார், இதில்தான் எல்லாம் சொல்லியிருக்கிறீர்கள்” என்றார். இப்போது இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டிருக்கிறேன்.