நிற்கிற உப்பு லாரிக்கும் பிரேக் வேண்டும்

வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளி, கடிநெல்வயல், கோடியக்காடு பக்கம் உப்பெடுப்புக் காலத்தில் போனால், குவித்து வைத்த உப்பை மூட்டை கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். ஏற்றுகிற ஆட்கள் நிற்பது வண்டிக்குப் பின்னால். தலையில் மூட்டை இருப்பதால் வண்டி ஒரு முழம் நகர்ந்தாலும் சட்டென்று விலக முடியாது. டிரைவர் இருக்கையில் ஆள் இருக்கமாட்டார். அந்த நேரத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டியது கை பிரேக். பழைய சரக்கு வண்டிகள் பலவற்றில் அது பிடிப்பதில்லை என்பது ஓட்டுகிறவருக்கும் தெரியும், ஏற்றுகிறவருக்கும் தெரியும். "கியர்ல போட்டுருக்கேன், நகராது" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

மேடே இல்லாத ஊரில் கை பிரேக் எதற்கு என்ற நினைப்பு டெல்டா முழுக்க இருக்கிறது. ஆனால் உப்பளக் கரையின் சரிவு, வாய்க்கால் பாலத்தின் ஏற்றம், ஒருபக்கம் அமுங்கிய மண்பாதை, இவையெல்லாம் வண்டியை உருட்டிவிடப் போதும். மூட்டை ஏற ஏற எடையும் கூடிக்கொண்டே போகிறது. தேய்ந்த பழைய என்ஜினில் கம்ப்ரஷன் குறைந்திருக்கும். கியரில் நிறுத்திய வண்டிகூட மெல்ல மெல்ல நகரும். யாராவது விளையாட்டாகக் கியரைத் தட்டிவிட்டால் அந்தப் பிடியும் போயிற்று.

டாடா ஏஸ், மகேந்திரா பிக்கப் போன்ற சிறு சரக்கு வண்டிகளில் கை பிரேக் லிவரை இழுத்தால் ஒரு எஃகுக் கம்பிவடம் (கேபிள்) பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூவை விரிக்கிறது. அந்த வடம் ஓடுவது ஒரு உறைக்குள். மேலே பிளாஸ்டிக், உள்ளே சுருள் எஃகு, முனைகளில் ரப்பர் மூடி. கல் தெறித்து உறை கிழிந்தாலோ ரப்பர் வெடித்தாலோ தண்ணீர் உள்ளே போகும். மற்ற ஊர்களில் அந்த ஈரம் வெயிலில் காய்ந்துவிட வாய்ப்பு உண்டு. உப்பு ஏற்றும் வண்டியில் காயாது. சுத்தமான உப்பே காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். கழுவாத பாத்தி உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும். அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே தண்ணீரை இழுக்கும். கடலோரக் காற்று அவ்வளவு வறள்வது அரிது. ஆகவே வண்டியின் அடிப்பாகம் ஆண்டு முழுக்க உப்புநீரில் நனைந்தே கிடக்கிறது. கனடாவில் பனிக்காலச் சாலைகளில் உப்பு தூவுவதால் வண்டிகளின் அடிப்பகுதி இதேபோல அரித்துப்போகிறது. அங்கே அது சில மாதக் கதை.

துரு பிடித்த வடம் இரண்டு விதமாக ஆளைக் கவிழ்க்கும். இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து ஒருநாள் முழுதும் அற்றுப்போவது ஒன்று. இன்னொன்று பலருக்குப் பிடிபடாதது: துரு ஊதி வடம் உறைக்குள் இறுகிவிடும். லிவரை இறக்கிவிட்டாலும் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே வரும். டீசல் கூடுதலாகக் குடிக்கும், ஒரு பின்சக்கரம் மட்டும் கொதிக்கும், லைனிங் தீய்ந்த நாற்றம் வரும், முற்றினால் தீயே பிடிக்கும். இதற்குப் பயந்துதான் பல டிரைவர்கள் கை பிரேக்கைத் தொடுவதையே விட்டுவிடுகிறார்கள். தொடாமல் விட்ட வடம் இன்னும் வேகமாக இறுகும்.

ஆயில் ஊற்றியோ, கேஸ் வைத்துச் சூடாக்கியோ, அறுந்த இடத்தில் கம்பி முறுக்கியோ ஒட்டுப்போடுவது சரியல்ல. இறுகிய கேபிளை முழுதாக மாற்ற வேண்டும். பின்சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு கேபிள் இருந்தால் இரண்டையும் மாற்றுவதே நல்லது. முதலில் டிரம்மைக் கழற்றி ஷூவைச் சரிசெய்து, பிறகுதான் கேபிளை முறுக்க வேண்டும். தேய்ந்த ஷூவை மறைக்கக் கேபிளை இழுத்துக் கட்டும் பட்டறைகளுக்கு வண்டியைக் கொடுக்காதீர்கள். லோடு இறக்கியதும் நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். கழிவு ஆயில் அடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் டிரம் பக்கம் அது போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லைனிங்கில் எண்ணெய் பட்டால் உள்ள பிரேக்கும் போய்விடும். ஏற்றும்போது சக்கரத்துக்குக் கட்டை வைப்பது அவசியம். கல் வைத்தால் கிளம்பும்போது அதை எடுத்துப் போட வேண்டும். நடுரோட்டில் விட்டுப்போன கல்லில் இரவில் பைக்கில் வருகிறவர் விழுவார்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 96-ஆம் விதி, கால் பிரேக்கும் நிறுத்தும் பிரேக்கும் தனித்தனியாக, இரண்டும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி, ஓட்டுநர் இல்லாமல் பொது இடத்தில் நிற்கும் வண்டியின் என்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டோ வேறு ஏற்பாடு செய்தோ அது தானாக நகராதபடி செய்திருக்க வேண்டும். 190-ஆம் பிரிவு, ஆபத்தான பழுது இருப்பது தெரிந்தே வண்டியை ஓட்டுகிறவரோடு ஓட்டவிடுகிறவரையும் சேர்த்துப் பிடிக்கிறது: அபராதம் 1,500 ரூபாய், அந்தப் பழுதால் ஆளுக்கோ பொருளுக்கோ சேதம் வந்தால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய், அல்லது இரண்டும். ஆகவே டிரைவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிரேக் பிடிக்கவில்லை என்று முதலாளியிடம் வாயால் சொல்லிவிட்டு விடாதீர்கள். வாட்ஸ்அப்பில் தேதியோடு எழுதி அனுப்புங்கள். நாளைக்கு வழக்கு வந்தால் உங்களிடம் இருக்கும் சாட்சி அதுதான்.

8 ஆண்டைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்க வேண்டும். எஃப்.சி. காலாவதியான வண்டி, சட்டத்தின் கண்ணில் பதிவே இல்லாத வண்டி. அத்தகைய வண்டியால் விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் தகராறு செய்யும். முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் அனுமதித்த வழக்குகள் உண்டு. ஒரு கேபிளுக்குக் கணக்குப் பார்த்தவர் வீட்டையே அடகு வைக்க நேரலாம்.

நின்ற வண்டிதானே, இழப்பீடு கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாலையோரம் கவிழ்ந்து அசைவற்றுக் கிடந்த பெட்ரோல் டேங்கர் வெடித்த வழக்கில், அதுவும் வண்டியின் பயன்பாட்டில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்திருக்கிறது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 166-ஆம் பிரிவின் கீழ் மனுச் செய்யலாம். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் என்பது சட்டத்தில் உள்ள கெடு, தள்ளிப்போடாதீர்கள். யார் தவறு என்று நிரூபிக்காமலே 164-ஆம் பிரிவில் கோருவதானால் இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம்.

விபத்து உப்பளத்துக்குள்ளேயே நடந்துவிட்டால், அது பொது இடம் இல்லை என்று காப்பீட்டுத் தரப்பு வாதாடக்கூடும். ஆனால் வேலையின்போது அடிபட்ட சுமைதூக்கும் தொழிலாளி, வேலைக்கு வைத்தவரிடம் தொழிலாளர் இழப்பீடு கோருவதற்கு இடம் எது என்ற கேள்வியே எழாது. இரண்டு வழிகளும் திறந்திருந்தால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அதனால் வெள்ளைத்தாளில் கைநாட்டு வைப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரும், எண் 15100. சாலை விபத்தானால் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு, 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் பணம் கட்ட வேண்டாம்.

ஒற்றை வண்டி வைத்துத் தானே ஓட்டிப் பிழைக்கிறவருக்கும் உரிமை உண்டு. புதுக் கேபிள் போட்டதாகக் காசு வாங்கிக்கொண்டு பழையதையே துடைத்து மாட்டிய பட்டறைமீது நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் செய்யலாம். சுயதொழிலாக வண்டி ஓட்டுகிறவரும் சட்டப்படி நுகர்வோரே. அதற்கு பில் வேண்டும், கழற்றிய பழைய கேபிளையும் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும்.

உப்பு வியாபாரிகளும் உற்பத்தியாளர்களும் ஒரு காரியம் செய்யலாம். லோடுக்கு வரும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக்கை இழுத்துவிட்டு, முன்னும் பின்னும் ஆள் இல்லாமல் முதல் கியரில் மெதுவாக கிளட்சை விடச் சொல்லுங்கள். வண்டி தடையில்லாமல் நகர்ந்தால் ஒரு மூட்டைகூட ஏற்றாமல் பட்டறைக்குத் திருப்பி அனுப்புங்கள்.