கதிரவனுக்குத் திரையிடும் உரிமை யாருக்கு?



1991-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டின் பினடுபோ எரிமலை வெடித்தது. அது கக்கிய கந்தக வாயு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டன். மழைமேகங்கள் எட்டாத உயரத்திற்குச் சென்ற அவ்வாயு நுண்துளிகளாக மாறி, மெல்லிய திரைபோல் பூமியைச் சூழ்ந்தது. வெயிலின் ஒரு சிறு பகுதி விண்வெளிக்கே திரும்பியது. அடுத்த ஆண்டில் உலகின் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி செல்சியஸ் தாழ்ந்தது.

எரிமலை செய்ததை மனிதனே விமானங்களின் துணையால் செய்தாலென்ன? இவ்வழியை ஆராய்தல் தகும் என்று, நோபல் பரிசு பெற்ற வேதியியல் அறிஞர் பால் குருட்சன் 2006-இல் எழுதினார். கரியமில வாயுவைக் குறைக்கும் முயற்சி உலகில் தளர்ந்து கிடந்தமையே அவரை அவ்வாறு எழுதத் தூண்டிற்று.

ஆயின், இது நோயைத் தீர்க்கும் மருந்தன்று. காய்ச்சலைத் தணிக்கும் ஈரத்துணியே. கரியமில வாயு குறையாது. கடல்நீர் அமிலமாவதும் நிற்காது. கந்தகத்துளிகள் ஓரிரு ஆண்டுகளில் உதிர்ந்துவிடுமாதலால் ஓயாது தூவிவர வேண்டும். இடையில் நிறுத்தினால், அடக்கிவைத்த வெப்பம் விரைந்து மேலெழும். மழையும் இடம் மாறக்கூடும். வடகோளத்தில் மட்டும் தூவினால் ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதி வறட்சியுறும் என்பதை, 2013-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்று கணிப்பொறிக் கணக்கால் காட்டியது.

அங்ஙனமாயின் அனுமதி அளிப்பவர் யார்? 1978-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை, இயற்கைச் சூழலைப் பகைமை நோக்குடன் மாற்றுவதை மட்டுமே தடுக்கிறது. நன்மை கருதிச் செய்வதாகக் கூறுவோரை அது கட்டுப்படுத்தாது. நைரோபியில் கூடிய ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் பேரவையில் 2019-இலும் 2024-இலும் இப்பொருள் விவாதிக்கப்பட்டும் நாடுகளிடையே இணக்கம் ஏற்படவில்லை. இதனிடையே, தனியார் நிறுவனமொன்று மெக்சிகோவில் அனுமதியின்றிக் கந்தக பலூன்களைப் பறக்கவிட்டது. 2023-இல் அந்நாட்டரசு இத்தகைய சோதனைகளைத் தடை செய்யப்போவதாக அறிவித்தது.

முற்றிலும் விலக்குக என்பர் ஒரு சாரார். ஆராயாது விலக்கினால், நெருக்கடி வேளையில் அறியாமையுடன் முடிவெடுக்க நேரும் என்பர் மறுசாரார். இரண்டிலும் நியாயம் உண்டு. எனினும், ஆய்வு வேறு, செயல் வேறு. முன்னது ஒளிவுமறைவின்றி நடைபெறலாம். பின்னதை ஒரு நாடு தனித்துத் தீர்மானித்தல் ஆகாது.

மும்பையிலும் நாகபுரியிலும் வாழும் நாம் தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கிறோம். தஞ்சையில் நம் உறவினரின் சம்பாப் பயிர் வடகிழக்குப் பருவமழையை நோக்கி நிற்கிறது. அம்மழைகளை அசைக்கவல்ல முடிவு எந்த அவையில் எடுக்கப்படினும், அங்கே நமக்கும் ஓர் இருக்கை வேண்டும்.