அம்மைப் படுக்கையில் பிறந்த ரயில்

குழந்தைக்குக் கதை சொல்லிப் பழக்கமுள்ள தாய்மார்களுக்கு ஒரு சங்கடம் தெரிந்திருக்கும். நேற்றுச் சொன்ன கதையில் நரி ஆற்றங்கரையோடு ஓடிற்று. இன்றைக்கு ஞாபகப் பிசகாக வயல் வரப்பிலே ஓடிற்று என்று சொல்லிவிட்டால் போதும். பாதித் தூக்கத்தில் இருக்கிற குழந்தை சட்டென்று கண்ணைத் திறந்து, "இல்லேம்மா, ஆத்தங்கரை!" என்று திருத்தும். நாம் கதை சொல்லுகிறோமா, பரீட்சை எழுதுகிறோமா என்றே சந்தேகம் வந்துவிடும்.

அலுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு குழந்தை அப்படித் திருத்தப் போய்த்தான் உலகத்தில் ஒரு ரயில் பேசத் தொடங்கியது.

இந்தக் காலத்தில் ரயில் பேசுவது பெரிய அதிசயமில்லை. சினிமாவில் பேசுகிறது. நாலு பேர் கூடி ஆடுகிற வீடியோ விளையாட்டுக்களில்கூட ஓர் எஞ்சின் புகையை விட்டுக்கொண்டு நடுவே வந்து வம்பளக்கிறது. ஆனால் பேசும் ரயில்களுக்குள்ளே பெரும் பிரசித்தி பெற்றவன் தாமஸ் என்கிற நீல நிற எஞ்சின்தான். உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கூட்டிப் பெருக்கும்போது, சக்கரம் ஒன்று போன நிலையில் அவன் அகப்பட்டாலும் அகப்படலாம்!

அவன் பிறந்த கதையைக் கேளுங்கள்.

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரை அடுத்த கிங்ஸ் நார்ட்டன் என்னும் இடத்தில் வில்பர்ட் ஆட்ரி என்ற உதவிப் பாதிரியார் இருந்தார். யுத்தம் கூடாது என்று பிடிவாதமாகச் சொன்னதால் முன்பிருந்த உத்தியோகத்தை இழந்து, 1940-ல் அங்கே வந்து சேர்ந்தவர். மனைவி மார்கரெட், ஒரே பையன் கிறிஸ்டபர், மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அந்தப் பையனுக்கு மணல்வாரி அம்மை கண்டது.

அம்மை கண்ட குழந்தையின் கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது என்று, ஜன்னல் திரைகளையெல்லாம் இழுத்து மூடி, இருட்டறையில் படுக்கவைப்பது அந்த நாட்டில் அக்காலத்து வழக்கம். காய்ச்சல் கொஞ்சம் இறங்கிய குழந்தையை இருட்டறையில் படுக்கவைத்துப் பாருங்கள்! பையன் பிடுங்கி எடுத்துவிட்டான். பாதிரியார் தமக்குத் தெரிந்த ஒரு பழைய குழந்தைப் பாட்டைப் பாடி, அதிலே வருகிறபடி எஞ்சின்கள் வரிசையாக நிற்பதைப் படமாகப் போட்டுக் காட்டினார். எஞ்சின்களுக்கு முகமும் வரைந்தார். அதில் ஒரு முகம் மட்டும் வாட்டமாக அமைந்துவிட்டது. இது ஏன் சோகமாக இருக்கிறது என்று பையன் கேட்டானாம். அது கிழ எஞ்சின். வெகு நாளாக அதை வெளியே அழைத்துப் போகவில்லை என்று தகப்பனார் வாய்க்கு வந்ததைச் சொன்னார். பெயர் என்ன என்றான். எட்வர்ட் என்றார். அவ்வளவுதான், கதை பிறந்துவிட்டது.

அறைக்குள்ளே அடைபட்ட குழந்தைக்கு, கொட்டகைக்குள்ளே அடைபட்ட எஞ்சினின் துக்கம் புரிந்திருக்கிறது. பாதிரியார் யோசித்துச் செய்தாரோ யோசிக்காமல் செய்தாரோ, இதைவிடப் பொருத்தமான கதை அந்தப் படுக்கைக்கு வேறு இல்லை.

மறுநாள் அதே கதை வேண்டும். அதற்கு மறுநாளும் அதே கதை. வார்த்தை மாறினால் திருத்தம்! தொல்லை தாங்காமல் ஆட்ரி, உபயோகமில்லாத பழைய சுற்றறிக்கைக் காகிதங்களின் பின்புறத்தில் கதையை எழுதி வைத்துக்கொண்டார். பிரசுரிக்கிற எண்ணம் அவருக்கு இல்லை. அந்த எண்ணம் மார்கரெட் அம்மாளுடையது. கடையில் விற்கிற குழந்தைப் புத்தகங்களை அந்த அம்மாள் புரட்டிப் பார்த்திருக்கிறாள். தன் வீட்டுக்காரர் சொல்லும் கதை அவற்றைவிட மேல் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. புருஷனின் திறமையை மெச்சுவது சுலபம். அவரை உட்காரவைத்து ஒழுங்காக எழுதச் செய்து, தபாலில் சேர்க்கிற வரையில் விடாமல் துளைக்கிறது இருக்கிறதே, அதுதான் பிரம்மப் பிரயத்தனம்! அந்த அம்மாள் துளைத்திருக்காவிட்டால் அந்தச் சுற்றறிக்கைகள் அடுப்புக்குப் போயிருக்கும்.

லெஸ்டர் நகரத்து எட்மண்ட் வார்ட் என்ற பதிப்பாளர் எடுத்துக்கொண்டார். அதிலும் ஒரு சுவாரஸ்யம். மூன்றாவது கதையில் ஹென்றி என்ற எஞ்சின், மழையில் தன் பச்சை வர்ணம் கெட்டுவிடும் என்று சுரங்கத்தை விட்டு வெளியே வர மறுக்கிறான். அவனை அங்கேயே வைத்துச் சுவர் எழுப்பிவிடுகிறார்கள். கதை அத்துடன் முடிந்திருந்தது! அப்படி விட்டால் எந்தக் குழந்தை தூங்கும்? நாலாவது கதை ஒன்று எழுதி ஹென்றியை வெளியே கொண்டுவரச் செய்தார் பதிப்பாளர். 'மூன்று ரயில் எஞ்சின்கள்' என்ற அந்த முதல் புத்தகம் 1945 மே மாதம் வெளிவந்தது.

தாமஸ் எங்கே என்கிறீர்களா? அந்தப் புத்தகத்தில் அவன் கிடையாது. யுத்த காலத்தில் விளையாட்டுச் சாமான் ஏது? ஆட்ரி துடைப்பக் கட்டையின் துண்டையும் மிச்சம் மீதி மரச் சில்லுகளையும் சேர்த்து, நீல வர்ணம் பூசி, பையனுக்கு ஒரு குட்டி எஞ்சின் செய்து கொடுத்தார். அதற்குத் தாமஸ் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தபின் பையன் சும்மா இருப்பானா? இவனுக்கும் கதை வேண்டும் என்றான். 1946-ல் இரண்டாவது புத்தகமாகத் தாமஸ் வந்தான். கொட்டகையிலிருந்து பெட்டிகளை இழுத்து வந்து பெரிய எஞ்சின்களுக்குக் கொடுக்கிற எடுபிடி வேலைக்காரன்; வாய்த்துடுக்கு அதிகம்; தனக்கென்று ஒரு சின்னப் பாதை கிடைக்காதா என்று ஏங்குகிறவன்.

ஆனால் எஞ்சின் பேசும் என்பது ஆட்ரிக்கு எப்படித் தோன்றியது? அவர் பேசவைக்கவே இல்லை; பேசினதைக் கேட்டார். வில்ட்ஷயரில் பாக்ஸ் என்னும் ஊரில், ரயில் பாதைக்கு இருநூறு கஜ தூரத்தில், அவருடைய சிறு பிராய வீடு இருந்தது. அங்கே ஒரு நீண்ட சுரங்கமும் ஏற்றமும் உண்டு. இரவில் கனத்த சரக்கு ரயில் வந்தால் ஓர் எஞ்சினால் இழுக்க முடியாது. அதற்கென்று காத்திருக்கும் இன்னோர் எஞ்சின் பின்னால் வந்து முட்டுக் கொடுத்துத் தள்ளும். படுக்கையில் கிடந்த சிறுவன் காதில் முன் எஞ்சின் மூச்சுத் திணறி, 'முடியாது, முடியாது' என்பதாகவும், பின் எஞ்சின் 'முடியும், முடியும்' என்பதாகவும் விழுந்ததாம். நீராவி எஞ்சினுக்கு அருகில் குடியிருந்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

அதனாலேதானோ என்னவோ, எஞ்சின் பேசலாமே தவிர, பொய் வேலை செய்யக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பு. எங்கேயாவது நிஜ ரயிலில் நடந்த சம்பவந்தான் கதையாக வேண்டும். படம் போடுகிறவர் எஞ்சினைச் சரியாக வரையாவிட்டால் சண்டைக்குப் போவார். பெர்ஸி என்ற பச்சை எஞ்சினைச் சிவப்புக் கோடு போட்ட கம்பளிப் பூச்சி மாதிரி வரைந்திருக்கிறாய் என்று அவர் சொல்லப் போய், பதினொரு புத்தகங்களுக்கு முகம் கொடுத்த சித்திரக்காரர் டால்பி, 1956-ல் விலகிக்கொண்டார்.

நிஜச் சம்பவம் என்றேனே, அதில் அவருடைய சொந்த அசட்டுத்தனமும் சேர்த்திதான்! வேல்ஸில் டாலிலின் என்ற சின்ன ரயில் மூடிப்போக இருந்ததை 1951-ல் தொண்டர்கள் எடுத்து நடத்தினார்கள். மறு வருஷம் ஆட்ரி அங்கே சம்பளமில்லாத கார்டு உத்தியோகம் பார்த்தார். ஒரு நாள் ஸ்டேஷனில் சிற்றுண்டி விற்கும் அம்மாள் ஏறிவிட்டாளா என்று பார்க்காமலே கொடியைக் காட்டிவிட்டார். வண்டி புறப்பட்டுவிட்டது, பின்னாலே அந்த அம்மாள் ஓடி வருகிறாள்! 1955-ல் வந்த புத்தகத்தில் இது அப்படியே கதையாகிவிட்டது. பழியை மட்டும் பீட்டர் சாம் என்கிற எஞ்சின் தலையில் போட்டுவிட்டார். புருஷர்கள் வழக்கமே அதுதானே!

1972 வரையில் இருபத்தாறு புத்தகங்கள் எழுதினார். பிறகு 1983-ல் அந்த அம்மைப் படுக்கைக் கிறிஸ்டபரே, இப்போது தன் மகனுக்காக, எழுத ஆரம்பித்து மேலும் பதினாறு எழுதினார்.

1984-ல் பிரிட் ஆல்கிராஃப்ட் என்ற பெண்மணி இதை டெலிவிஷனுக்குக் கொண்டுவந்தார். பணத்துக்குத் தம் வீட்டையே அடகு வைத்தார் என்பார்கள். பொம்மை ரயில்கள் ஓடின. கண் மட்டும் அசையும். முகபாவம் மாற வேண்டுமானால் முகத்தையே கழற்றி வேறு முகம் மாட்டுவார்கள். எல்லா எஞ்சின்களுக்கும் சேர்த்து ஒரே ஆள் கதை சொன்னார். பீட்டில்ஸ் கோஷ்டியில் மத்தளம் அடித்தாரே, ரிங்கோ ஸ்டார், அவர்தான். ஆட்ரிக்கு இதிலும் சமாதானமில்லை. பின்னால் வந்த ஒரு கதையில் ஹென்றி பிரதான பாதையில் நின்று காட்டை வேடிக்கை பார்க்கிறான். எந்த ரயில்வேயில் ஐயா இப்படி நடக்கும், விதி என்று ஒன்று இல்லையா என்று கிழவர் பொரிந்து தள்ளினார். 1997-ல் காலமாகும் வரையில் அந்தக் கண்டிப்பை அவர் விட்டதாகத் தெரியவில்லை.

2009-லிருந்து கம்ப்யூட்டர் சித்திரத்தில் எஞ்சின்களின் வாய் அசைகிறது. ஒவ்வொருவருக்கும் தனிக் குரலும் வந்துவிட்டது. நவீனந்தான். ஆனால் அசையாத பழைய முகமே மேல் என்பது என் அபிப்பிராயம். அதற்கு ஒரு காரணம் உண்டு. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகள் வேறு எந்தப் பொம்மையையும்விடத் தாமஸிடம் ஒட்டிக்கொள்வதை இங்கிலாந்தின் தேசிய ஆட்டிசம் சங்கம் பெற்றோர்களிடம் விசாரித்து அறிந்தது. பிறர் முகத்தைப் பார்த்து மனத்தை அறிவது அந்தக் குழந்தைகளுக்குச் சிரமம். இங்கேயோ கோபம் என்றால் கோபம், வருத்தம் என்றால் வருத்தம். முகம் நிதானமாக நிற்கிறது, பக்கத்திலே ஒரு குரல் இவன் வருத்தமாக இருக்கிறான் என்று எடுத்தும் சொல்கிறது. இருட்டறையில் பையன் கேட்ட முதல் கேள்வியே அதுதானே, இது ஏன் சோகமாக இருக்கிறது என்று! 2022-ல் புரூனோ என்று ஆட்டிசம் உள்ள பிரேக் வண்டி ஒன்றே கதைக்குள் வந்தது. அதற்குக் குரல் கொடுத்ததும் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன்தான்.

நம் ஊருக்கும் இதில் ஒரு பாத்தியதை உண்டு என்றால் நம்புவீர்களா? 2016-ல் வந்த தாமஸ் திரைப்படத்தில் ஆஷிமா என்று இந்தியாவிலிருந்து வருகிற பெண் எஞ்சின் ஒருத்தி இருக்கிறாள். உடம்பெல்லாம் பளிச்சென்ற வர்ணமும் சித்திரமுமாக, கல்யாணத்துக்குக் கிளம்பினவள் மாதிரி இருப்பாள். அவளுக்கு அச்சு யார் தெரியுமா? ஊட்டி மலை ரயிலை ஏற்றுகிற 'எக்ஸ்' வகை எஞ்சின்!

அடுத்த தடவை மேட்டுப்பாளையத்தில் அந்த ரயில் ஏறினால், எஞ்சின் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முன்னால் இராது. குன்னூர் வரையில் அது பெட்டிகளுக்குப் பின்னால் இருந்து முட்டுக் கொடுத்துத் தள்ளுகிறது. கல்லாறு தாண்டிப் பல்சக்கரம் கவ்வியதும், குழந்தையை ஜன்னலோரம் உட்காரவைத்து, எஞ்சின் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். பதிலை அன்றைக்கே ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் வார்த்தை மாறிப்போய், திட்டு வாங்குவீர்கள்.