நிரம்பிய கணினியைத் துடைக்காமலே பெரிதாக்கலாம்

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் இயங்கலைப் பாடத்துக்காகக் கடன்பட்டாவது மடிக்கணினி வாங்கிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. விலை பார்த்து 128 ஜிகாபைட் வன்தட்டு உள்ளதை வாங்கியவர்களுக்கு இன்று அதில் மூச்சுவிட இடமில்லை. கடைக்குக் கொண்டுபோனால், "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடவேண்டும்" என்பார் ஒருவர். "புதுக் கணினியே வாங்கிவிடுங்கள்" என்பார் இன்னொருவர். பிள்ளையின் பள்ளிப் பயிற்சிகளும், மறைந்த பாட்டியின் படங்களும் அதற்குள் இருக்க, பெற்றோர் என்ன செய்வார்கள்?

இரண்டும் தேவையில்லை. பழைய வன்தட்டில் இருப்பதை விண்டோஸோடு சேர்த்து, பெரிய வன்தட்டுக்கு அப்படியே படியெடுக்கலாம். கடைக்காரர் மொழியில் இது 'குளோனிங்'.

கோப்புகளை மட்டும் இழுத்துப் போட்டால் ஆகாதா? ஆகாது. கணினியை எழுப்பிவிடும் சிறு பகுதி ஒன்று வன்தட்டில் நம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. சட்டி பானைகளை எல்லாம் புது வீட்டுக்கு ஏற்றிவிட்டு, மின்சார இணைப்பை மறந்தால் விளக்கு எரியுமா? அந்த மறைவான பகுதியையும் சேர்த்து நகலெடுக்க அதற்கென்றே மென்பொருள் வேண்டும். 'குளோன்சில்லா' என்பது இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அதன் திரை புதியவர்களை மிரட்டும். சாம்சுங் எஸ்.எஸ்.டி. வாங்குவோருக்கு அந்நிறுவனமே எளிய மென்பொருளைத் தருகிறது.

பணம் கொடுக்குமுன் ஒன்றைக் கேட்டறியுங்கள். மலிவான சில மடிக்கணினிகளில் சேமிப்பகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்ற முடியாது. கழற்றக்கூடியவற்றிலும் வகைகள் உண்டு. பழைய வன்தட்டைக் கடைக்காரரிடம் காட்டிப் பொருத்தமானதை வாங்குவதே நல்லது. 512 ஜிகாபைட் என்று வாங்கியது விண்டோஸில் 476 என்று தெரிந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகவேண்டாம். கணக்கிடும் முறைதான் வேறு.

முதலில் முக்கியமான படங்களையும் பாடங்களையும் வேறொரு யூ.எஸ்.பி.யில் தனியே எடுத்து வையுங்கள். பழைய வன்தட்டு 'டக், டக்' என்று சத்தம் போட்டால் அது சாகும் தறுவாயில் இருக்கிறது. அப்போது படியெடுப்பைவிடப் படங்களைக் காப்பாற்றுவதே அவசரம். 'பிட்லாக்கர்' பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு, பூட்டைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். மின்கம்பியைச் செருகியே வேலையைத் தொடங்குங்கள்.

புதிய வன்தட்டை யூ.எஸ்.பி. உறைக்குள் வைத்து இணைத்ததும், எதிலிருந்து எதற்கு என்று மென்பொருள் கேட்கும். இங்கேதான் குடிமுழுகும் ஆபத்து. திசையை மாற்றிக் கொடுத்துவிட்டால், வெற்று வன்தட்டின் வெறுமை பழையதன்மேல் ஏறி, இருந்ததெல்லாம் போய்விடும். ஆகவே, பெயரை மட்டும் பார்க்காமல் அளவையும் பாருங்கள்: 128 மூலம், 512 இலக்கு. பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து உரக்கப் படித்துக் காட்டச் சொன்னாலும் தவறில்லை. அதன் பிறகே பொத்தானை அழுத்துங்கள். வேலை முடியச் சில மணி நேரம்கூட ஆகலாம். இடையில் பிடுங்கக் கூடாது.

பின்னர்க் கணினியை அணைத்து, பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்துங்கள். இரண்டையும் ஒருசேர இணைத்து முதன்முறை எழுப்ப வேண்டாம். இரண்டும் ஒரே அடையாளத்தோடு இருப்பதால் விண்டோஸ் குழம்பும். எழுந்த பிறகு 'சி' பகுதி பழைய அளவிலேயே தெரிந்தால் பதற வேண்டாம். மிச்ச இடம் ஒதுக்கப்படாமல் கிடக்கிறது. வட்டு மேலாண்மைக்குப் போய் 'சி'யை நீட்டிக்கொள்ளலாம். இடையில் மீட்புப் பகுதி ஒன்று குறுக்கே நின்றால், அதை நகர்த்தத் தனி மென்பொருள் தேவைப்படும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: விண்டோஸ் 10 வைத்திருப்பவருக்கு அதே 10-தான் வந்து சேரும். அதற்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

வேலையைக் கடையில் கொடுத்தாலும் பழைய வன்தட்டைக் கேட்டு வாங்கி வாருங்கள். உங்கள் வீட்டுப் படங்கள் அதில் அப்படியே இருக்கின்றன. ஒரு மாதம் அலமாரியில் இருக்கட்டும். புதியது ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்ததும் பழையதைத் துடைத்து, அதே யூ.எஸ்.பி. உறைக்குள் வைத்துப் பிள்ளையின் பாடங்களுக்கு மறுபிரதி வைக்கப் பயன்படுத்தலாம்.