ஐக்கிய நாணய சங்கம்

நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும். சொற்பிறழா ஒழுக்கத்தையும் குறிக்கும். கிராமக் கடனுதவிச் சங்கத்துக்கு ஐக்கிய நாணய சங்கம் என்ற பெயர், இவ்விரு பொருளையுங் கருதியே இட்டாற்போல அமைந்துள்ளது.

இவ்வகைச் சங்கத்தின் முன்மாதிரி ஜேர்மனியிலே தோன்றியது. ரைபைசன் (1818–1888) என்பார் ஊர்த்தலைவராயிருந்த காலத்தில், 1846–47 ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது, செல்வரிடம் பொருள் திரட்டி ஏழைகளுக்குப் பாண் கிடைக்கச் செய்தார். அடுத்து அவர் அமைத்த சங்கங்களும் செல்வரின் ஆதரவையே நம்பி நின்றன. ஈவோரின் ஊக்கந் தளர, உதவியுந் தளர்ந்தது. ஆதலின் 1864 இல் ஹெடெஸ்டோர்ப் என்னும் ஊரில், கடன் பெறுவோர் அங்கத்தவராயிருத்தல் வேண்டும் என்னும் விதியுடன் புதியதொரு சங்கத்தை நிறுவினார்.

அங்கத்தவர் ஒவ்வொருவரும் சங்கத்தின் கடனுக்குத் தம் உடைமை முழுவதையும் பொறுப்பாக்கினர். அஞ்சத்தக்க ஏற்பாடே, ஆயினும் அதன் பயன் பெரிது. அயலவன் கேட்கும் கடன் விதைக்கோ வீண் ஆடம்பரத்துக்கோ என ஆராய்தல் யாவர்க்குங் கடமையாயிற்று. ஈடுவைக்க நிலமில்லாதவனுக்கு அவனது நன்னடக்கையே ஈடாயிற்று. வட்டியாகச் செலுத்திய பணமும் வட்டிக்கடைக்காரனிடம் போகாது, சங்கத்தின் ஒதுக்கு நிதியிற் சேர்ந்தது.

இலங்கையில் 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் இத்தகைய சங்கங்கள் பதிவு பெறலாயின. கடன் வேண்டும்போது மட்டும் சங்கத்தை நினைந்து, பொதுக்கூட்டத்துக்கு வாராதிருக்கும் அங்கத்தவர் இன்றும் உளர். பங்கு எத்தனையாயினும் ஒருவர்க்கு ஒரு வாக்கு என்னும் உரிமையையும், கணக்கு வாசிக்கப்படுகையில் வினாவும் உரிமையையும் அன்னார் பிறர் கையில் விட்டுவிடுகின்றனர்.