தொழிலாளர் நட்ட மரம்

1878ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், நியூட்டன் ஹீத் பகுதியிலிருந்த இரயில் பணிமனைத் தொழிலாளர்கள் தாங்கள் விளையாடுவதற்கெனக் கால்பந்தாட்டக் குழு ஒன்றை அமைத்தனர். கரியும் எண்ணெயும் படிந்த கைகள் நட்ட அக்கன்று, 1902இல் ‘மான்செஸ்டர் யுனைடெட்’ என்னும் பெயர் பெற்றது. பின்னர் உலகறிந்த பெருமரமாக வளர்ந்தது. 2023-24 ஆட்டப் பருவத்தில் அதன் வருவாய் 66 கோடிப் பவுண்டுக்கும் மேல்.

அம்மரத்தின் நிழல் யாருக்கு? சற்றே சிந்திப்போம்.

2024இல் அக்கழகம் ஏறத்தாழ 250 பணியாளர்களை ஆட்குறைப்புச் செய்தது. 2025 பிப்ரவரியில், மேலும் 200 பேர் வரை வேலையிழக்கக்கூடும் என அறிவித்தது. இவர்கள் கோடிகளில் ஊதியம் பெறும் ஆட்டக்காரர்கள் அல்லர். பெயர் வெளியே தெரியாமல் உழைத்த சாதாரணக் குடும்பத்தினர். எஞ்சியோர் உண்டுவந்த இலவச மதிய உணவும் நிறுத்தப்படும் என்றாயிற்று.

ஐந்தாண்டுகளாகத் தொடர்ந்து நட்டம் என்பது கழகத்தின் வாதம். நட்டம் உண்மையே. ஆனால் அது மதிய உணவால் வந்ததன்று. 2005இல் கழகத்தை வாங்கிய செல்வக் குடும்பத்தார், அதற்காகப் பட்ட கடனில் பெரும்பகுதியைக் கழகத்தின் தலையிலேயே சுமத்தினர். 2024 கோடையில் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தை நீட்டித்த நிருவாகம், அக்டோபரிலேயே அவரை விலக்கியது. அவரையும் துணைவரையும் அனுப்ப ஆன செலவு 1 கோடியே 4 இலட்சம் பவுண்டு. ஐந்தே மாதம் பணியாற்றிய விளையாட்டுத்துறை இயக்குநரை அனுப்பியதில் மேலும் 41 இலட்சம். முடிவெடுத்தவர்கள் ஒருபுறம், அதன் சுமையைத் தாங்கியவர்கள் மறுபுறம்!

வேறு வழியே இல்லையா? உண்டு. 2014 டிசம்பரில் இலண்டனின் செல்சி கழகம், குடும்பம் நடத்தப் போதுமான ‘வாழ்வூதியம்’ வழங்கும் நிறுவனமாகச் சான்று பெற்றது. இங்கிலாந்தின் முதல்நிலைக் கழகங்களுள் அதுவே முதலாவது. ஒப்பந்தக்காரர் வழியாக வரும் துப்புரவாளரும் உணவு பரிமாறுவோரும்கூட அவ்வூதியத்துக்கு உரியவராயினர்.

அமெரிக்காவிலும் ஒரு நிகழ்ச்சி நம் நெஞ்சைத் தொடுகிறது. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் கூடைப்பந்தாட்டப் போட்டிகள் நின்றன. அரங்குகளில் அன்றாடக் கூலி பெற்றோர் திகைத்தனர். அப்போது நியூ ஆர்லியன்சின் 19 வயது ஆட்டக்காரர் சயான் வில்லியம்சன், தம் அரங்கப் பணியாளர்களுக்கு 30 நாள் ஊதியத்தைத் தாமே தருவதாக உறுதியளித்தார். போற்றத்தக்க உள்ளம்! ஆயினும், பெருஞ்செல்வம் படைத்த ஓர் அமைப்பின் தொழிலாளர் ஓர் இளைஞனின் இரக்கத்தை நம்பி நிற்க நேர்ந்தது ஏன்?

ஊதியம் தருமம் அன்று, அது நீதி. உழைப்பாளி சிக்கனமாக வாழப் போதுமான கூலி பெறவேண்டும் எனத் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891இலேயே தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். இருவரும் ஒப்புக்கொண்ட கூலி என்பதனாலேயே அது நேர்மையான கூலி ஆகிவிடாது என்பதும் அவர் போதனை.

தொலைக்காட்சியில் பந்தாட்டம் காணும் நம் பிள்ளைகளுக்கு, கோல் போட்டவரின் பெயர் தெரியும். ஆட்டம் முடிந்தபின் அவ்வரங்கைக் கூட்டுபவரையும் அவர்கள் நினைக்கக் கற்பிப்போம். நம் வீட்டு வாயிலைக் கூட்டுபவரின் கூலியை எண்ணிக் கொடுக்கும்போது, நாமும் அதை நினைப்போமாக.