வீட்டுத் தானியங்கி முறை: பழுதானால் யார் வருவார்?

தாமான் வீடுகளில் வசிக்கும் நம்மில் பலருக்கு வீட்டுத் தானியங்கி முறை புதிதன்று. ஆட்டோ கேட்டைத்தான் சொல்கிறேன். காரில் அமர்ந்தபடியே பொத்தானை அழுத்துகிறோம், கேட் திறக்கிறது. இடி இடித்த மறுநாள் அது அசைய மறுத்தால் பொருத்தியவரை அழைக்கிறோம். அவர் வரும்வரை சாவியைப் போட்டு மோட்டாரை விடுவித்துக் கையால் தள்ளுகிறோம். விளக்கு, மின்விசிறி, கதவுப் பூட்டு என வீடு முழுவதையும் இப்படி இயக்க விரும்புவோர்முன் ஒரு கேள்வி நிற்கிறது. நிறுவனத்திடம் ஒப்படைப்பதா, நாமே செய்துகொள்வதா?

இரண்டிலும் அடிப்படை ஒன்றே. ஆள் நடமாட்டத்தையோ வெப்பத்தையோ அறியும் உணரி, கட்டளையிடும் கருவி, மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலே ஆகிய மூன்றும் தமக்குள் தொடர்பு கொள்ள வேண்டும். அந்தத் தொடர்பு அறுந்தால் யார் சரிசெய்வது என்பதில்தான் வேறுபாடே உள்ளது.

நிறுவனங்கள் அமைத்துத் தரும் முறைக்கு ஐரோப்பாவில் உருவான கே.என்.எக்ஸ். நல்ல எடுத்துக்காட்டு. இதில் பெரும்பாலும் மின்கம்பியோடு தனியாக ஒரு சமிக்ஞைக் கம்பியும் சுவருக்குள் ஓடும். வைஃபை தேவையில்லை. ஒரு சுவிட்ச் கெட்டாலும் மற்றவை வேலை செய்யும். பல நிறுவனங்கள் இதே தரத்தில் கருவிகள் செய்வதால் ஒன்று மூடப்பட்டாலும் மற்றொன்றிடம் வாங்கலாம். ஆனால், செலவு அதிகம். வீடு கட்டும்போதோ புதுப்பிக்கும்போதோ செய்தால்தான் எளிது. முக்கியமான ஒன்றைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். எந்த சுவிட்ச் எந்த விளக்கை இயக்கும் என்ற விவரமெல்லாம் இ.டி.எஸ். என்ற மென்பொருளில் ஒரு கோப்பாக இருக்கும். கடைசித் தவணையைச் செலுத்துமுன் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது கையில் இல்லையென்றால், பின்னாளில் வரும் வேறொருவர் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

நாமே செய்வதென்றால், 2013-இல் தொடங்கப்பட்ட ஹோம் அசிஸ்டண்ட் என்ற இலவச மென்பொருளும், உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை கணினியும், சில உணரிகளும் போதும். வாடகை அறையில் இருக்கும் மாணவர்கூட வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் செல்லலாம். தடை சுவரில் இருக்கிறது. திறன் சுவிட்சுகள் பலவற்றுக்கு நியூட்ரல் கம்பி வேண்டும். நம் பழைய வீடுகளின் சுவிட்ச் பெட்டிகளில் பெரும்பாலும் அது இருக்காது. புதிதாகக் கம்பி இழுப்பதும் நம் வேலையன்று. 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளின்படி அதனை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவர்தான் செய்ய வேண்டும்.

கடையில் வாங்கிக் கைப்பேசிச் செயலியோடு இணைக்கும் மலிவான கருவிகளை நாம் ‘சொந்த முயற்சி’ என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அவற்றில் பல, எங்கோ இருக்கும் நிறுவனத்தின் சர்வரை நம்பியே ஓடுகின்றன. ரிவோல்வ் என்ற கருவியை விற்ற நிறுவனத்தை நெஸ்ட் 2014-இல் வாங்கியது. 2016-இல் சர்வரை நிறுத்தியதும் கருவி வெறும் பெட்டியானது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியோன் சர்வர்களும் முன்னறிவிப்பின்றி நின்றன. பிறகு அதன் பயனர்கள் சிலரே சேர்ந்து அதை வாங்கி மீட்டார்கள். இணையம் இல்லாமலும் இக்கருவி இயங்குமா என்று வாங்குமுன் கேட்பது நல்லது.

நானும் தவறு செய்தவள்தான். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் வீட்டு வாசலில் திறன் விளக்கைப் பொருத்தி, மாலை ஏழு மணிக்குத் தானாக எரியும்படி செய்தேன். யாரும் தவறிப்போய் அணைத்துவிடக் கூடாதென்று சுவிட்சின்மேல் ‘தொட வேண்டாம்’ என எழுதி ஒட்டிவிட்டு வளாகம் திரும்பினேன். சில வாரங்களில் வீட்டு இணையக் கருவியை மாற்றினார்கள். வைஃபையின் பெயரும் மாறிப்போனது.

“என்னம்மா, வாசல் லைட்டு மூணு நாளா எரியல. நீ எப்ப வர்ற?” என்று அம்மா தொலைபேசியில் கேட்டார். அப்பாவுக்கு அந்த வாரம் இரவு ஷிப்ட். அம்மா இருட்டில் கைவிளக்கோடு கேட்டைப் பூட்டியிருக்கிறார். சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டிருந்தாலே அந்த விளக்கு எரிந்திருக்கும். நான் எழுதி ஒட்டியதை மதித்து அவர் தொடவேயில்லை.

புதிய கருவிக்குப் பழைய பெயரையும் கடவுச்சொல்லையுமே வைக்கும்படி தம்பியிடம் சொன்னேன். சிறிது நேரத்தில் எல்லாம் சரியானது. ஆயினும், அதன் பிறகு என் கருத்து மாறிவிட்டது. பெற்றோர் மட்டும் இருக்கும் வீட்டில், விளக்கும் பூட்டும் அழைத்தால் வரும் ஒருவரின் பொறுப்பில் இருக்கட்டும். அவர் உள்ளூர்க்காரராக இருந்தால் இன்னும் நல்லது. செடிக்குத் தண்ணீர் விடுவது, அறையின் வெப்பத்தைப் பதிவு செய்வது போன்றவற்றை நாமே செய்து பார்க்கலாம். நின்றுபோனாலும் யாரும் இருட்டில் நிற்கமாட்டார்கள்.

அடுத்த விடுமுறையில் பதிவு பெற்ற வயரிங்காரரை அழைத்து, கையாலும் இயக்கக்கூடிய திறன் சுவிட்சை வாசலுக்குப் பொருத்தினோம். நான் ஒட்டிய தாளை அம்மாவே கிழித்துப் போட்டார்.